தங்கம் இருக்கிறது, சரி. பிக்சர் டியூபுக்கு யார் பணம் தருவது?

மின்கழிவு பற்றிய கருத்தரங்கில் ஒருவர் பேசிய பேச்சை நேற்றிலிருந்து எல்லோரும் பகிர்ந்துகொண்டே இருக்கிறீர்கள். அவர் சொன்னது இதுதான். "மின்கழிவு ஒரு தங்கச் சுரங்கம், மக்கள் கட்டணம் கட்ட வேண்டாம், கம்பெனிகளும் கட்ட வேண்டாம், உள்ளே இருக்கிற தங்கமே எல்லாச் செலவையும் பார்த்துக்கொள்ளும்." அரங்கமே கைதட்டியது. பழைய டிவிக்குள் இருக்கிற கண்ணாடிக் குழாயை, அந்தப் பிக்சர் டியூபை, என்ன செய்வீர்கள் என்று ஒருவராவது எழுந்து கேட்பார் என்று கடைசி வரை பார்த்தேன். யாரும் கேட்கவில்லை.

தங்கம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு டன் பழைய கைப்பேசியில் நூறு கிராமுக்கு மேல் தங்கம் கிடைக்கும். நல்ல சுரங்கத்துக் கல்லிலேயே டன்னுக்குச் சில கிராம்தான். ஆனால் மின்கழிவு முழுக்கக் கைப்பேசியா? ஐ.நா. அமைப்புகள் 2024-ல் வெளியிட்ட உலகக் கணக்கைப் பாருங்கள். 2022-ல் உலகம் முழுக்கச் சேர்ந்தது 6 கோடியே 20 லட்சம் டன். அதில் கைப்பேசி, கணினிப் பெட்டி, ரவுட்டர், பிரின்டர் எல்லாம் சேர்ந்த சிறு தகவல் தொழில்நுட்பக் கருவிகள் 46 லட்சம் டன். குளிர்பெட்டி, ஏசி வகை மட்டும் 1 கோடியே 33 லட்சம் டன். திரைகள் 59 லட்சம் டன், விளக்குகள் 19 லட்சம் டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி ஆனதாகப் பதிவானது மொத்தத்தில் 22.3 சதவீதம். தங்கமே எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும் என்றால் மீதி 77 சதவீதம் ஏன் இன்னும் வெளியே கிடக்கிறது?

தங்கம் இருக்கிற பகுதியைத் தேடி ஆள் தானாக வருவான். அதற்குச் சட்டமும் வேண்டாம், மாநாடும் வேண்டாம். மின்கழிவைச் சேகரித்து மறுசுழற்சி செய்யத் தேசிய அமைப்பு ஒன்று தேவைப்படுவதே, யாரும் தேடி வராத பகுதிக்காகத்தான். இதை விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்றும் எழுதுகிறேன்.

பழைய டிவி ஒன்றை ஒழுங்காகப் பிரிக்க என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். முதலில் குழாய்க்குள் காற்றை விட்டு வெற்றிடத்தைப் போக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துச் சிதறும். கழுத்தில் இருக்கிற யோக்கை, அதாவது கம்பிச் சுருளை, கழற்ற வேண்டும், செம்பு அதில்தான். பிறகு முகப்புக் கண்ணாடியும் புனல் கண்ணாடியும் சேருகிற இடத்தில் சூடான கம்பியோ வைர ரம்பமோ வைத்து அறுக்க வேண்டும். முகப்பின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் பாஸ்பர் என்ற ஒளிரும் தூளை உறிஞ்சி எடுத்துத் தனியாக மூட வேண்டும். புனல் கண்ணாடியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு ஈய ஆக்சைடு. ஒரு காலத்தில் அந்தக் கண்ணாடியைப் புது பிக்சர் டியூப் செய்கிறவர்களே வாங்கினார்கள். இன்று புது டியூப் செய்ய ஆளில்லை. ஈய உலைக்கோ பாதுகாப்பான குப்பை நிரப்பிடத்துக்கோ காசு கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். யோக்கை மட்டும் கழற்றிக்கொண்டு கண்ணாடியை ஓடையோரம் உடைத்துப் போட்டால் லாபம். முழு வேலையையும் செய்தால் நஷ்டம். இந்த நஷ்டத்தை யார் ஏற்பது என்பதுதான் நிதி ஏற்பாட்டின் முதல் கேள்வி. மேடையில் அது வரவே இல்லை.

குளிர்பெட்டியும் இதே கதைதான். கம்பிரசரை வெட்டினால் செம்பும் இரும்பும் கைக்கு வரும், குழாயில் இருந்த வாயு அந்த நொடியே வானத்துக்குப் போகும். பழைய பெட்டிகளில் ஓடிய ஆர்-12 என்ற குளிரூட்டும் வாயு, கரியமில வாயுவைப் போல 10,000 மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும். அதையும்விடப் பெரிய அளவு வாயு சுவரின் நுரைக்குள் ஆர்-11 என்ற இன்னொரு வாயுவாக இருக்கிறது. அதைப் பிடிக்க வேண்டுமானால் மூடிய அறையில் நைட்ரஜன் செலுத்தி அரைத்து, வெளிவரும் வாயுவைக் குளிர்வித்துச் சேர்க்க வேண்டும். பெரிய முதலீடு, வருமானம் சொற்பம். போதாததற்குக் குளிர்பெட்டி பெரும்பாலும் காற்று. எடை ஏறும் முன்பே லாரியில் இடம் நிறைந்துவிடும். டன் கணக்கில் பேசுகிற திட்டங்கள் எல்லாம் போக்குவரத்துச் செலவில் அடிவாங்குவது இதனால்தான்.

சுளையை ஒருவர் எடுத்துக்கொண்டு சக்கையை ஊர் தலையில் கட்டுகிற ஏற்பாட்டைத்தான் அந்தப் பேச்சாளர் "சந்தையே பார்த்துக்கொள்ளும்" என்கிறார்.

சரி, பணம் எங்கிருந்து வரும்? மற்ற நாடுகள் செய்து பார்த்துவிட்டன. சுவிட்சர்லாந்தில் பொருளை வாங்கும்போதே முன்கூட்டிய மறுசுழற்சிக் கட்டணம் விலையில் சேரும். ஆகவே பழையதைக் கொண்டுபோய்த் தருகிறவரிடம் யாரும் காசு கேட்பதில்லை. ஜப்பான் 2001-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டத்தில் டிவி, ஏசி, குளிர்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றைக் கழிக்கும்போது கட்டணம் கட்ட வேண்டும். ஆலைகள் அருமையானவை, ஒவ்வொரு பொருளுக்கும் எண் போட்ட சீட்டு உண்டு. ஆனால் கழிக்கும்போது காசு என்றதும் கட்டணத்தைத் தவிர்க்கக் கண்ட இடத்தில் கொட்டுகிறவர்களும், உரிமம் இல்லாமல் "இலவசமாக எடுத்துக்கொள்கிறோம்" என்று வருகிறவர்களும் முளைத்தார்கள். கட்டுப்பாடு மிகுந்த ஒரு நாட்டிலேயே இந்தத் தொல்லை என்றால், பழைய சாமானுக்குக் காசு வாங்கியே பழகிய மக்களிடம் காசு கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வாங்கும்போதுதான் வசூலிக்க வேண்டும். பொருள்வாரியாக வசூலிக்க வேண்டும், குளிர்பெட்டியின் செலவைக் குளிர்பெட்டியே சுமக்கட்டும்.

"அது ஏழைகள் தலையில் விழும்" என்பார்கள். பொருளின் விலையில் அது சிறு பங்கு. ஈயம் கலந்த மண்ணில் வசிக்கிறவர்கள் யார் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். இதற்கு மேல் இந்த வாதத்துக்கு நேரம் செலவிட விருப்பமில்லை.

"பழைய சாமான் எடுப்பவர்களின் பிழைப்பு என்ன ஆகும்?" இது நியாயமான கேள்வி. இதைக் கேட்கிறவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. வீட்டு வாசலுக்கு வந்து, எடை போட்டு, அங்கேயே காசு கொடுத்து எடுத்துப்போகிற வேலையை அவர்களைவிடக் குறைந்த செலவில் செய்ய எந்த நிறுவனத்தாலும் முடியாது. அவர்களை விரட்டினால் அமைப்புக்குப் பொருளே வராது. ஊர் ஊராக வைத்த சேகரிப்புப் பெட்டிகளில் சார்ஜரும் இயர்போனும் மட்டும் கிடப்பதற்குக் காரணம் அதுதான். செய்ய வேண்டியது என்னவென்றால், பொருள் முழுசாக வந்தால் கூடுதல் விலை. கம்பிரசர் வெட்டப்படாத குளிர்பெட்டிக்கு, யோக் கழற்றாத டியூபுக்கு, எரிக்காத கேபிளுக்கு, உடைத்து விற்றால் கிடைப்பதைவிட அதிகம் தர வேண்டும். அதுவும் அன்றே, கையில். அடுத்த மாதம் வங்கிக் கணக்கில் வரும் என்றால் அவர் இன்றே உடைத்துவிடுவார், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. செம்பு விலை ஏறும்போதெல்லாம் இந்தத் தொகையும் ஏற வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை குழு கூடித் திருத்தினால், இடையில் வருகிற பெட்டி எல்லாம் கம்பிரசர் இல்லாமல்தான் வரும்.

இன்னொரு பக்கம் பணத்தை எந்த இடத்தில் கொடுப்பது என்பது. இதில்தான் பல திட்டங்கள் செத்தன. பொருளை உள்ளே வாங்கும்போதே முழுப் பணமும் கொடுத்துவிட்டால், வாங்கி அடுக்குவதே தொழிலாகிவிடும். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸில் அதுதான் நடந்தது. பதப்படுத்துகிறோம் என்று கட்டணம் வாங்கிச் சேர்த்த பல கோடி கிலோ பிக்சர் டியூப் கண்ணாடியைக் கிடங்குகளில் அப்படியே விட்டுவிட்டு 2016-ல் ஒரு நிறுவனம் போய்விட்டது. எடுப்பவருக்கு அன்றே காசு, சரி. ஆனால் ஆலைக்குக் கடைசிக் கட்டம் முடிந்த பிறகுதான் காசு. ஈயக் கண்ணாடி எந்த உலைக்குப் போனது, அங்கே எடைமேடைச் சீட்டு என்ன, உள்ளே வந்த எடைக்கும் வெளியே போன எடைக்கும் கணக்கு ஒத்துவருகிறதா? இத்தனை பழைய குளிர்பெட்டி அரைத்தோம் என்கிற ஆலை, அதற்கேற்ற கிலோ வாயுவைப் பிடித்துக் காட்ட வேண்டும். மின்கட்டண ரசீதையும் பாருங்கள். ஓடாத இயந்திரம் அரைத்ததாகச் சான்றிதழ் கொடுத்தால் மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தியாவின் 2022 மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. உற்பத்தியாளர்களுக்கு மறுசுழற்சி இலக்கு 60 சதவீதத்தில் தொடங்கி 70, 80 என்று ஏறுகிறது, மறுசுழற்சி ஆலைகளிடம் சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்ட வேண்டும். நோக்கம் நல்லது. ஆனால் சான்றிதழ் கணக்கிடப்படுவது தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு என்ற நான்கு உலோகங்களை வைத்து. ஈயக் கண்ணாடிக்கும், பாதரசத்துக்கும், தீத்தடுப்புப் புரோமின் கலந்த பிளாஸ்டிக்குக்கும் அந்தக் கணக்கில் இடம் எங்கே? மேடையில் பேசியவரைக் கோபித்துக்கொள்கிறேன், ஆனால் விதியே விலைபோகிற உலோகத்தைத்தானே எண்ணுகிறது. அது எனக்கு இன்னும் அதிகமாக வலிக்கிறது.

"அந்தத் தங்கத்தையாவது நாமே எடுக்கலாமே" என்று ஒருவர் கேட்டிருந்தார். மின்சுற்று போர்டில் இருக்கிற தங்கம், வெள்ளி, பல்லேடியம், செம்பு எல்லாவற்றையும் ஒருசேர மீட்கிற பெரிய உலைகள் உலகில் கொஞ்சம்தான். பெல்ஜியத்தின் ஹோபோக்கன், சுவீடனின் ரோன்ஷேர், ஜப்பானின் கொசாகா, கனடாவின் ஹார்ன் போல. அங்கே அனுப்பினால் மாதிரி எடுத்துச் சோதித்து, பதப்படுத்தும் கட்டணத்தைக் கழித்து, மீதியைப் பிறகுதான் தருவார்கள். அபாயக் கழிவு நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையின் திருத்தத்தால் 2025 ஜனவரி முதல் எல்லா மின்கழிவு ஏற்றுமதிக்கும் இறக்குமதி நாட்டின் முன் ஒப்புதல் வேண்டும். அதுவரை சரக்கு கிடங்கில், முதலீடு சரக்கில். சிறு ஆலைகள் மூச்சுத்திணறுவது இந்த இடத்தில்தான். பணம் வரும் வரை தாங்குவதற்குச் சுழல்நிதி வேண்டும் என்பதை எந்த அறிக்கையிலும் ஓரமாகத்தான் எழுதுகிறார்கள்.

கம்பெனிகள் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு: இன்று விற்கிற குளிர்பெட்டி திரும்பி வரப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். அதற்குள் கம்பெனி இருக்குமா? இணையத்தில் மட்டும் விற்றுவிட்டுப் பெயரை மாற்றிக்கொண்டு போகிறவர்கள் எத்தனை பேர்? அவர்கள் கட்டாத பங்கும் ஒழுங்காகக் கட்டுகிறவர் தலையில்தான் விழும். ஜெர்மனியில் பதிவு எண் இல்லாமல் விற்க முடியாது. 2023 ஜூலை முதல் விற்பனைத் தளங்களே அந்த எண்ணைச் சரிபார்க்க வேண்டும். நகராட்சிச் சேகரிப்பு மையத்தில் கன்டெய்னர் நிறைந்தால், யார் முறை என்று கணக்கிட்டு அந்த உற்பத்தியாளருக்கு எடுத்துப்போகும் உத்தரவு போகும். வீட்டுப் பொருள் விற்பவர் முன்கூட்டியே நிதி உத்தரவாதமும் வைத்திருக்க வேண்டும், நாளை திவாலானால் அதிலிருந்து எடுக்க.

அந்தப் பேச்சை இன்னமும் பகிரப் போகிறீர்கள் என்றால், அடுத்த கூட்டத்தில் அவரிடம் ஒன்று கேளுங்கள். அவருடைய திட்டத்தில் ஒரு டன் புனல் கண்ணாடியை ஈய உலை வரை கொண்டுபோய்ச் சேர்க்கிற செலவு எந்த வரியில் எழுதப்பட்டிருக்கிறது?