ஆறு கிழமைக் கோடைப் படிப்பால் சட்ட வைத்திய அதிகாரி ஆக முடியாது

அண்ணா, உங்கள் பதிவில் “உயர்தரம் முடித்த பிள்ளை லண்டனில் ஆறு கிழமை தடயவியல் கோடைப் படிப்பு படித்துவிட்டு வந்தால், புதைகுழி எலும்புகளை ஆராயும் வேலை கிடைக்கும்” என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இதை நம்பிக் காணியை ஈடு வைக்கக்கூடிய பெற்றோர் இருக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

கோடைப் படிப்பு கெட்டதில்லை. கைரேகை எடுப்பது, குற்றம் நடந்த இடத்தைப் பதிவு செய்வது போன்றவற்றின் அறிமுகம் கிடைக்கும். ஆனால் அது பட்டம் இல்லை.

முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் 2023 யூனில் தண்ணீர்க் குழாய்க்குக் கிடங்கு வெட்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. அங்கே நீதிமன்ற உத்தரவோடுதான் அகழ்ந்தார்கள். தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவவும், நீதிமன்றத்துக்காக உடல்களையும் எலும்புகளையும் ஆராயும் மருத்துவர்களான சட்ட வைத்திய அதிகாரிகளும் நின்று, மண் அடுக்கு, உடை, எலும்பு கிடந்த விதம் எல்லாவற்றையும் பதிந்தார்கள். ஒரு எலும்பைக் கவனமில்லாமல் இழுத்தாலே அது யாருடைய பிள்ளை என்று சொல்லும் சாட்சி அழிந்துபோகும். மன்னார் புதைகுழியின் எலும்பு மாதிரிகள், எவ்வளவு பழையவை என்று அறியும் காலக்கணிப்புக்கு அமெரிக்காவின் புளோரிடா வரை போனதும் நினைவிருக்கும்.

இலங்கையில் சட்ட மருத்துவ நிபுணராக முதலில் எம்பிபிஎஸ், பிறகு உள்ளகப் பயிற்சி, அப்புறம் சட்ட மருத்துவத்தில் எம்டி என்ற மேற்பட்டம். உயிரியல் பிரிவுப் பிள்ளைக்கு அதுதான் வழி. இரசாயனத்தில் விருப்பமென்றால் விஞ்ஞானப் பட்டம் எடுத்து அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு முயலலாம். தயவுசெய்து பதிவைத் திருத்திவிடுங்கள்.