சால்வை முடிந்தபின் பேச்சு

பல்கலைக்கழகங்களில் நடக்கும் சொற்பொழிவுக்கும் குழு விவாதத்துக்கும் ஊர்மக்கள் வருவதில்லை என்று நான் படித்த ஒரு கட்டுரையில் அதை எழுதியவர் வருந்துகிறார். பேச்சுக் கேட்க ஆளில்லாத ஊரா எங்கள் காரைக்குடி? சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் கழகம் இங்கேதான் இருக்கிறது. பங்குனியில் கம்பன் விழா என்றால் பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். மளிகைக் கடைக்காரரும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பட்டிமன்றம் கேட்பார்கள். குறித்த நேரத்தில் தொடங்க வேண்டும் என்பதில் கணேசன் காட்டிய கண்டிப்பை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வதுண்டு.

சென்ற ஆண்டு உயர்கல்வி நிறுவனம் ஒன்றின் கூட்டத்துக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. கடையைப் பூட்டிவிட்டு யார் வருவார்? வாயிலில் காவலர் "யாரைப் பார்க்க வேண்டும்?" என்றார். பேச்சைக் கேட்க வந்தேன் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, மறுபடியும் பொன்னாடை. நால்வர் விவாதிப்பதாக அழைப்பிதழில் இருந்தது. நால்வரும் தனித்தனியே எழுதி வந்ததைப் படித்தார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்கவே இல்லை. பிறகு விவாதம் எங்கே? கேள்வி நேரம் வருவதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. (சாப்பாடு நன்றாகவே இருந்தது, குறை சொல்ல மாட்டேன்.)

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வைக்கட்டும். பழைய பேருந்து நிலையத்தில் ஒரு தட்டி கட்டட்டும். கேள்விக்கு அரைமணி நேரம் ஒதுக்கட்டும். முன்வரிசையில் நான் இருப்பேன்.