மூத்த பேஸ்பால் அரங்கம் பாஸ்டனில் இல்லை

"அமெரிக்காவின் மிகப் பழைய பேஸ்பால் அரங்கம் பாஸ்டனின் ஃபென்வே பார்க், 1912" என்று ஒரு ஃபார்வர்ட் சுற்றுகிறது. ஆண்டு சரி, பட்டம்தான் தவறு. மேஜர் லீக் எனப்படும் உச்ச நிலைத் தொடரின் அரங்குகளில் மட்டுமே ஃபென்வே மூத்தது.

அலபாமா மாநிலம் பர்மிங்காமில் உள்ள ரிக்வுட் ஃபீல்ட் 1910 ஆகஸ்ட் 18 அன்றே திறந்துவிட்டது. ரிக் உட்வர்ட் என்ற தொழிலதிபர் தன் பர்மிங்காம் பேரன்ஸ் என்ற மைனர் லீக் (மேஜர் லீகிற்குக் கீழ்நிலைத் தொடர்) அணிக்காகக் கட்டியது, பெயரும் அவருடையதே. நிறவெறிக் காலத்தில் கறுப்பின வீரர்களின் பிளாக் பேரன்ஸ் அணிக்கும் இதுதான் சொந்த மைதானம். 1948இல் பள்ளி மாணவனாக இருந்த, பின்னாளில் பேஸ்பால் ஜாம்பவானான வில்லி மேஸ் அந்த அணிக்கு ஆடியது இங்கேதான். கையால் எண் மாற்றும் ஸ்கோர்போர்டை இன்றும் பார்க்கலாம். எனக்கு அதற்காகவே ஒருமுறை போக ஆசை!

1987க்குப் பிறகு பேரன்ஸ் வேறு மைதானத்துக்குப் போய்விட்டது. அதற்காக இதை இடித்துவிடவில்லை. 2024 ஜூன் 20 அன்று மேஜர் லீக் ஆட்டமே நடந்தது. மேஸ் இறந்து இரண்டே நாள் ஆகியிருந்தது.

சந்தேகமிருந்தால் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டைப் பாருங்கள். ரிக்வுட் 1993இல் அதில் சேர்ந்தது. அந்த ஃபார்வர்டை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.