மனைவியின் சம்பளத்தில் மட்டும் ஏன் அந்த வெட்டு?

ஐரோப்பாவில் ஒரு நாட்டுத் தாய் வேலைக்குப் போகிறாள், இன்னொரு நாட்டுத் தாய் வீட்டில் இருக்கிறாள், எல்லாம் அவரவர் பண்பாடு என்று யாராவது எழுதினால் எனக்கு எரிச்சல் வருகிறது. ஜெர்மனியைப் பார்த்துவிட்டு எழுதட்டும். ஒரே மொழி பேசும் மக்களை நாற்பது ஆண்டுகள் பிரித்து வைத்தார்கள். கிழக்கில் அரசு ஊர்தோறும் குழந்தைகள் காப்பகம் திறந்தது. தாய்மார்கள் முழுநேர வேலைக்குப் போனார்கள். (பெண்கள் மீது பொங்கிய பாசம் மட்டும் காரணமல்ல, ஆலைகளுக்கு ஆள் போதவில்லை.) மேற்கிலோ, குடும்பக் கடமைக்கு இடையூறு வராத அளவில்தான் மனைவி வேலை பார்க்கலாம் என்று 1977 வரை சட்டமே சொன்னது. பெர்லின் சுவர் விழுந்து முப்பது ஆண்டுகள் கடந்த பிறகும் முழுநேர வேலை பார்க்கும் தாய்மார்கள் கிழக்கில்தான் அதிகம்.

பிறகு நல்லதும் நடந்தது. 2007 முதல், குழந்தைக்காக விடுப்பெடுக்கும் பெற்றோருக்கு நிகர வருமானத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, ஓர் உச்சவரம்புக்குள் கிடைக்கிறது. 2013 முதல் ஒரு வயது நிறைந்த குழந்தைக்குக் காப்பகத்தில் இடம் சட்டப்படியான உரிமை. இடம் கிடைக்கிறதா என்பது வேறு கதை.

ஆனால் 1958இல் வந்த வரிமுறையை மட்டும் யாரும் அசைக்கவில்லை. கணவன், மனைவி வருமானத்தைக் கூட்டி, இரண்டாகப் பிரித்து வரி போடுகிறார்கள். இருவரும் சமமாகச் சம்பாதித்தால் லாபம் ஒன்றுமில்லை. ஒருவர் நிறையச் சம்பாதித்து மற்றவர் வீட்டில் இருந்தால் கொள்ளை லாபம். மாதச் சம்பளத்தில் வரி பிடிப்பதற்கென்று வகைகள் உண்டு. தம்பதி மூன்றாம், ஐந்தாம் வகைகளைத் தேர்ந்தால் பெரும்பாலும் கணவன் மூன்றாம் வகை, மனைவி ஐந்தாம் வகை. சலுகையெல்லாம் அவன் சம்பளச் சீட்டில், வெட்டெல்லாம் அவள் சீட்டில். கணவனின் மருத்துவக் காப்பீட்டிலேயே இலவசமாக இருந்துகொண்டு, வருமான வரம்புக்குள் சின்ன வேலை ஒன்று பார்த்தால் போதும் என்று கணக்குத் தெரிந்த எந்தப் பெண்ணும் முடிவெடுப்பாள். இதைக் குடும்பநலம் என்கிறார்கள். பிள்ளையே இல்லாத தம்பதிக்கும் இந்தச் சலுகை உண்டு, மணமாகாமல் தனியே பிள்ளை வளர்க்கும் தாய்க்கு இல்லை!

சுவீடன் 1971இலேயே தனித்தனி வரிக்கு மாறியது. 1974இல் பேறுகால விடுப்பைப் பெற்றோர் இருவருக்கும் பொதுவாக்கியது. 1995இல் ஒரு மாதத்தைத் தந்தைக்கென்று ஒதுக்கியது. அவர் எடுக்காவிட்டால் அது வீண். இன்று அந்த ஒதுக்கீடு 90 நாள். செக் நாட்டில் குழந்தைக்கு மூன்று வயதாகும்வரை விடுப்பு உண்டு. கேட்கத் தாராளம்தான், ஆனால் மூன்று வயதுக்குட்பட்டோருக்குக் காப்பகம் அரிது. வேறு வழியில்லாமல் வீட்டில் இருப்பதற்கு விடுப்பு என்று பெயர்.

ஜெர்மனியில் 2021இல் அமைந்த கூட்டணி, அந்த மூன்றாம், ஐந்தாம் வரி வகைகளை ஒழிப்பதாக ஒப்பந்தத்தில் எழுதிக் கையொப்பமிட்டது. 2024 நவம்பரில் கூட்டணி உடைந்தது. வகைகள் உடையவில்லை.