நல்ல மனுஷன், தப்பான கட்சியா?

எங்க அப்பா தீவிர திமுக அனுதாபி. 1999 ஏப்ரல் 17, சனிக்கிழமை, டிவி முன்னாடி தரையில உக்காந்து, பிரதமர் வாஜ்பாயோட பாஜக கூட்டணி அரசு மேல நடந்த நம்பிக்கை ஓட்டெடுப்பு பாத்துட்டு இருந்தோம். ஜெயலலிதா ஆதரவை வாபஸ் வாங்கிட்டாங்க, திமுக வாஜ்பாய்க்கு ஓட்டு போட்டுச்சு, கடைசியில ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரே ஓட்டுல அரசு கவுந்துச்சு. அப்பா துண்டால முகத்தை துடைச்சுட்டு "நல்ல மனுஷன்டா, தப்பான கட்சியில மாட்டிக்கிட்டாரு"ன்னு சொன்னார். அப்ப தமிழ்நாட்டுல பாதி பேரு இதையேதான் சொன்னாங்க.

ஒரிசா முதல்வரா ஆகியும் எம்பி பதவியை விடாத காங்கிரஸ்காரர் கிரிதர் கமாங் வந்து எதிர்த்து ஓட்டு போட்டார், அப்படியும் பேரம் பேசாம தோத்துட்டு வெளிய போனாருங்கிற மரியாதை எனக்கும் வாஜ்பாய் மேல இருக்கு. ஆனா "தப்பான கட்சி"ங்கிற வார்த்தையை மட்டும் என்னால ஏத்துக்கவே முடியல. அவர் வழி தவறி அங்க போய் சேரல. ஆர்எஸ்எஸ் பிரச்சாரக்கா, அதாவது முழுநேர ஊழியரா இருந்து, அவங்க பாஞ்சஜன்யா பத்திரிகைக்கு ஆசிரியரா இருந்தவர், 1951ல சியாமா பிரசாத் முகர்ஜி பாஜகவுக்கு முன்னோடியான ஜனசங்கம் கட்சியை ஆரம்பிச்சப்போ கூடவே வந்தவர், 57ல மூணு தொகுதியில நின்னு பல்ராம்பூர்ல மட்டும் ஜெயிச்சு பார்லிமெண்ட் போனவர், 68ல தீனதயாள் உபாத்யாயா இறந்ததும் ஜனசங்க தலைவர், 1980ல பாஜகவுக்கு முதல் தலைவர். அந்த வீட்டைக் கட்டின கொத்தனாரே அவர்தான், அவரைப் போய் விருந்தாளின்னா எப்படி?

மிதவாதி வாஜ்பாய், கட்சியோட இன்னொரு பெரிய தலைவர் அத்வானி கடும்போக்குக்காரர்னு பிரிச்சுப் பேசுறதும் இதே கதைதான். 80ல காந்திய சோஷலிசம்னு பேசிப் பாத்தாங்க, 84ல கிடைச்சது ரெண்டே சீட்டு, குஜராத்ல மெஹ்சானா, ஆந்திராவுல ஹனம்கொண்டா. வாஜ்பாயே குவாலியர்ல மாதவராவ் சிந்தியாகிட்ட தோத்தார். அதுக்கப்புறம் அத்வானி தலைவராகி, 89ல பாலம்பூர்ல கூடின கட்சிக் கூட்டத்துல அயோத்தி ராமர் கோயில் தீர்மானம் போட்டு, 90 செப்டம்பர்ல சோம்நாத்ல இருந்து ரதம்னு ஜோடிச்ச டொயோட்டா வண்டியில கிளம்பினார். எத்தனை ஊர்ல கலவரம், எத்தனை உயிர். சமஸ்திபூர்ல அப்போதைய பீகார் முதல்வர் லாலு அவரைக் கைது பண்ற வரைக்கும் அந்த வண்டி ஓடுச்சு. 89ல 85 சீட்டா இருந்தது 91ல 120 ஆச்சு. 57லயும் 62லயும் தன்னைத் தோக்கடிச்ச அதே லக்னோல வாஜ்பாய் ஜெயிச்சது அந்த 91ல தான், விதிஷாவுலயும் சேத்து ஜெயிச்சார். ரதத்துல ஏறினது அத்வானி, ஆனா அது கொண்டு வந்த ஓட்டு ரெண்டு பேருக்கும்தான் வந்துச்சு.

அயோத்தியில பாபர் மசூதியை இடிச்சதுக்கு முந்தின நாள், 92 டிசம்பர் 5, லக்னோ கூட்டத்துல தரையை சமப்படுத்தணும்னு பேசினது யாரு? வாஜ்பாய்தான். 95ல பம்பாய்ல வாஜ்பாய்தான் பிரதமர் வேட்பாளர்னு அறிவிச்சது யாரு? அத்வானி! கூட்டணிக்கு ஆள் சேக்கணும்னா எந்த முகம் வேணும்னு அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. 98ல ராமர் கோயில், காஷ்மீருக்கு தனி அந்தஸ்து தந்த 370வது பிரிவை நீக்குறது, பொது சிவில் சட்டம் மூணையும் ஓரமா எடுத்து வச்சாங்க. கைவிடல, ஓரமா வச்சாங்க, அவ்ளோதான். அதை நம்பித்தான் 99ல நம்ம திமுகவும் உள்ள போய் மந்திரி பதவி வாங்குச்சு, முரசொலி மாறன் வர்த்தக அமைச்சர் ஆனார். அப்பாகிட்ட இதைச் சொன்னா இன்னைக்கும் கோவம் வருது, ஆனா சொல்லித்தான் ஆகணும்.

2002 கலவரத்துல குஜராத் எரிஞ்சப்போ வாஜ்பாய் அகமதாபாத் போய், அப்ப அங்க முதல்வரா இருந்த மோடியைப் பக்கத்துல வச்சுக்கிட்டே ராஜதர்மத்தை, அதாவது ஆளுறவங்க கடமையைக் கடைப்பிடிக்கணும்னு சொன்னதை எல்லாரும் ஞாபகம் வச்சிருக்காங்க. அது ஏப்ரல் 4. அதுக்கப்புறம் கோவாவுல கட்சி செயற்குழு கூடுச்சு, மோடி ராஜினாமா பண்றேன்னார், வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அதே கோவாவுல இஸ்லாமியர்களைப் பத்தி வாஜ்பாய் பேசின பேச்சு பார்லிமெண்ட்லயே பெரிய பிரச்சனையாச்சு. அது ஏப்ரல் 12. நடுவுல எட்டே நாள்.