ஏப்ரலில் ஜோக் அருவிக்குப் போகாதீர்கள்
கர்நாடகாவைக் குடும்பத்தோடு காரில் சுற்ற எந்த மாதமும் சரி என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நாங்கள் ஏப்ரலில் போனோம். 253 மீட்டர் உயர ஜோக் அருவியில் வெறும் பாறைதான், நூல் மாதிரி கொஞ்சம் தண்ணீர், மேலே லிங்கனமக்கி அணையில் ஷராவதி ஆற்றைத் தேக்கிவைக்கிறார்கள் என்பதே அங்கே போன பிறகுதான் தெரிந்தது, பிள்ளைகள் முகம் வாடிப்போயிற்று. ஹம்பியில் பாறைச் சூட்டில் அம்மாவுக்கு மயக்கமே வந்துவிட்டது. ஆனால் பாதாமி! அகஸ்திய தீர்த்தக் கரையில் உட்கார்ந்து, கி.பி. 642 வாக்கில் நரசிம்மவர்ம பல்லவன் பிடித்த வாதாபி இதுதான் என்று அப்பா தன் பேத்திக்குச் சொன்ன அந்த அரை மணி நேரத்துக்காகவே மறுபடி போவேன். அப்புறம், வடக்குப் பக்கம் போனால் சோள ரொட்டியும் எண்ணெய்க் கத்தரிக்காயும் சாப்பிடாமல் திரும்பாதீர்கள். ஜோக் பார்க்க ஆகஸ்டில் போங்கள்.