ஊருணிக்கு நடைபாதை அப்புறம், முதலில் வரத்துக்காலைப் பாருங்கள்

நம்ம செட்டிநாட்டுப் பக்கத்து வாட்ஸப் குழுக்களில் மாதம் ஒரு முறையாவது அந்தப் படம் வந்துவிடுகிறது. வறண்ட ஊருணி, நடுவில் மஞ்சள் பொக்லைன், கரையில் சால்வை போட்ட நாலு பேர், உடைத்த தேங்காய். ஆறு மாதம் கழித்து அடுத்த படம்: பேவர் பிளாக், ஸ்டீல் கைப்பிடி, சோலார் விளக்கு. மார்கழியில் யாரும் படம் போடுவதில்லை. போட்டால் முழங்கால் தண்ணிதான் தெரியும்.

கேட்டால், "மழை இல்லைண்ணே, நாங்க என்ன செய்ய?" என்பார்கள். மழை பெய்யத்தான் செய்கிறது. அது ஊருணிக்கு வந்து சேர வழியில்லை. அந்த வழிக்குத்தான் வரத்துக்கால் என்று பெயர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்து 40 செ.மீ. பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஊருணியின் தலையில் நேராக விழும் மழை மட்டும் என்றால் 40 செ.மீ. உயரம்தான் ஏறும். வெயில் ஒரு நாளைக்கு 5 மி.மீ. குடித்தால் 80 நாளில் அது காலி. பூமி உறிஞ்சுவது தனி. ஆக, மாசிக்குள் தரை தெரியும். இப்போது வேறு கணக்கு. வடக்கே 25 ஏக்கர் பொட்டல், அதாவது 10 ஹெக்டேர், அதில் ஒரே இரவில் 5 செ.மீ. மழை. அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக ஓடி வந்தாலும் 1,500 கன மீட்டர், 15 லட்சம் லிட்டர். 60 மீட்டருக்கு 60 மீட்டர் ஊருணி ஒன்று ஒரு பருவம் முழுக்கத் தன் தலையில் வாங்குவது 1,440 கன மீட்டர். அதைவிட அதிகத்தை வரத்துக்கால் ஒரே ராத்திரியில் கொண்டுவந்து கொட்டிவிடும்.

ஆறு கிடையாது, செம்மண்ணும் செம்புராங்கல்லும்தான் என்பது தெரிந்தே இந்த ஊர்களைக் கட்டியிருக்கிறார்கள். பெரிய வீடுகளில் ஓட்டுக் கூரை முழுவதும் வளவு முற்றத்தை, அதாவது வீட்டுக்குள் இருக்கும் திறந்த முற்றத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். அண்டாவில் பிடித்தது போக மிச்சம் முற்றத்துக் கல் வாய் வழியாகத் தெருவுக்கு, தெருவிலிருந்து ஊருணிக்கு. 1,000 சதுர மீட்டர் கூரையில் 1 செ.மீ. மழை என்றால் 10,000 லிட்டர். ஒரு தெருவில் இப்படி எத்தனை வீடு என்று எண்ணிக்கொள்ளுங்கள். கானாடுகாத்தானுக்கும் பள்ளத்தூருக்கும் கூரையைப் படம் பிடிக்க வருகிறவர்கள், அந்தத் தண்ணி எங்கே போனது என்று கேட்பதில்லை. நாமும் கேட்பதில்லை, அதுதான் வருத்தம்.

வரத்து அறுந்துபோவது பெரும்பாலும் மூன்று இடத்தில். முதலாவது ரோடு. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதிதாகப் போட்டுப் போட்டு, ரோடு வீட்டுத் திண்ணைக்குச் சமமாக வந்துவிட்டது. பழைய அளவுக்குச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் சுற்றறிக்கை அனுப்பினார். தெருவில் அதைக் கேட்க ஆள் வேண்டும். ரோடு உயர்ந்ததும் அடியில் போகும் குழாய் பள்ளத்தில் மாட்டிக்கொள்கிறது. ஒரு அடி விட்டக் குழாய் ஒன்றைக் குனிந்து பார்த்தால் தெரியும்: பாதிக்கு இறுகிய மண், அதன் மேல் தேங்காய் நார், நாரில் சிக்கிய பால் கவர், அதற்கு மேல் நாலு விரல் இடைவெளி. இருபது ஏக்கர் தண்ணி அந்த நாலு விரலுக்குள் போயாக வேண்டும். போகாது, திரும்பித் தெருவுக்குள்தான் வரும். அப்புறம் 'வெள்ளம்' என்று செய்தி போடுவோம்.

இரண்டாவது, புது மனை. பிளாட் போடுகிறவர் வாய்க்காலைத் தூர்ப்பது வேண்டுமென்றுதான் என்று சொல்ல முடியாது. பாதி இடத்தில் அது வாய்க்கால் என்றே யாருக்கும் தெரியாது. ஆண்டில் 20 நாள் தண்ணி ஓடும், மீதி நாள் வண்டிப்பாதை மாதிரி இருக்கும். வருவாய்த் துறை இணையதளத்தில் 'அ' பதிவேட்டை யாரும் பார்க்கலாம். ஊருணி, வாய்க்கால், பாதை என்று எந்தச் சர்வே எண் புறம்போக்காகப் பதிவாகியிருக்கிறது என்று அதில் இருக்கும். புலப்படத்தையும், அதாவது நிலத்தின் அளவு வரைபடத்தையும் எடுத்து ஒட்டிப் பாருங்கள். ஆனால் பட்டா நிலத்தின் வழியாக ஓடிவந்த தண்ணிக்குக் காகிதத்தில் அடையாளம் இருக்காது. அதற்கு ஆடு மேய்க்கிற ஐயாவைக் கேட்க வேண்டும். "தம்பி, இங்கிட்டுத்தான் ஓடும், அந்தா அந்த ஆவாரஞ்செடிக்கு மேற்கால திரும்பும்" என்று கையைக் காட்டுவார். சர்வேயரைவிடச் சரியாக இருக்கும்.

இதில் ஒரு சட்டக் குழப்பமும் உண்டு. ஆக்கிரமிப்பு என்றதும் எல்லோரும் 2007-ம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்கிறார்கள். அது முன்பு பொதுப்பணித் துறை வசமும் இப்போது நீர்வளத் துறை வசமும் உள்ள கண்மாய்களுக்கானது. ஊராட்சி, பேரூராட்சி ஊருணிக்கு 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தைச் சொல்லித்தான் தாசில்தாருக்கு எழுத வேண்டும். தப்பான சட்டத்தைப் போட்டால் மனு மேசை மேசையாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, கழிவு. செப்டிக் டேங்க் நிரம்பி வழிவதற்கு மழைநீர் வாய்க்காலில் ஒரு பைப் சொருகுவது இப்போது சாதாரணம். ஒரு வீடு சொருகினாலும் ஊருணித் தண்ணி குடிக்க ஆகாது, ஆகாயத்தாமரைதான் வளரும். பிறகு ஆகாயத்தாமரையை அள்ள ஒரு டெண்டர். குடிதண்ணி ஊருணி தனி, குளிக்கிற ஊருணி தனி, குடிக்கிறதில் கால் வைக்கக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருந்த ஊர்கள் இவை. இன்றைக்கு அந்தக் கட்டுப்பாட்டைக் கரையில் அல்ல, வாய்க்காலில் வைக்க வேண்டும்.

பொக்லைன் விஷயத்துக்கு வருகிறேன், இதைத்தான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். "ஆழப்படுத்துகிறோம்" என்ற சொல்லைக் கேட்டாலே பயமாக இருக்கிறது. ஊருணி தண்ணி தாங்குவது அடியில் படிந்திருக்கும் களியால். பல தலைமுறையாகப் படிந்தது. அதற்குக் கீழே சரளையும் செம்புராங்கல்லும்தான், ஓட்டைப் பானை மாதிரி. களியைக் கிழித்தால் நிரம்பிய தண்ணி நாலே வாரத்தில் கீழே போய்விடும். நிலத்தடி நீர்தானே ஏறுகிறது என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். ஏறட்டும், ஆனால் அதற்குப் பெயர் ஊருணி இல்லை, உறிஞ்சு குழி. கிராவலுக்கு லோடு கணக்கில் விலை இருக்கிறது, மேல் வண்டலுக்கு அவ்வளவு கிராக்கி இல்லை. ஆழம் ஏன் கூடிக்கொண்டே போகிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையா?

தூர் வாருவதற்கு முன் நடுவில் ஒன்று, நாலு மூலையில் நாலு என ஐந்து இடத்தில் கையால் குழி தோண்டிப் பாருங்கள். கறுப்பும் சாம்பலுமான வண்டல் எத்தனை அங்குலம், களி எங்கே தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஈர மண்ணை உள்ளங்கையில் வைத்து பென்சில் தடிமனுக்கு உருட்டினால் உடையாமல் நீண்டு வருவது களி. சந்தேகம் இருந்தால் அந்தக் குழியில் ஒரு அடிக்குத் தண்ணி ஊற்றி, குச்சியில் கோடு போட்டுவிட்டு மறுநாள் காலையில் வந்து பாருங்கள். ஒரு விரல் இறங்கியிருந்தால் களி நிற்கிறது, குழியே காலி என்றால் அங்கே பொக்லைன் வாளி படக்கூடாது. களிக்கு மேல் ஒரு சாண் வண்டலை விட்டுவிட்டு மீதியை மட்டும் எடுங்கள். எடுத்த வண்டலுக்கும் வழி உண்டு. 2024 முதல் தாசில்தாரே அனுமதி தருகிறார், விவசாயிக்கு இலவசம்: நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90.

வரத்துக்காலுக்கு அவ்வளவு செலவு இல்லை. கொத்தனார் வைத்திருக்கிற அரை அங்குல டியூப்பில் தண்ணி நிரப்பி மட்டம் பார்த்தால் போதும். 30 மீட்டருக்கு 6 செ.மீ. இறக்கம் இருந்தால் தண்ணி நின்று தேங்காமல் ஓடும். இதைவிட ரொம்பச் சரிவாக வெட்டினால் செம்மண் கரைந்து வாய்க்கால் ஓடையாகிவிடும், அந்த மண் எல்லாம் ஊருணிக்குள் வந்து இறங்கும். ஊருணி வாயில் ஒரு வண்டல் குழி அவசியம்: ஒன்றரை மீட்டர் சதுரம், வாய்க்கால் அடியைவிட அரை மீட்டராவது பள்ளம். அதற்கு முன் கம்பித் தடுப்பு, கம்பிக்குக் கம்பி 5 செ.மீ. கோழி வலையைக் கட்டாதீர்கள். பத்து நிமிடத்தில் சருகு அடைத்து, வந்த தண்ணி திரும்பிப் போய்விடும். முதல் மழைக்கு வாயை அடைத்து அழுக்குத் தண்ணியை வெளியே திருப்பிவிட ஒரு பலகை செருகக் காடி (பள்ளம்) வையுங்கள். நடைபாதை போட்டே தீருவோம் என்றால் போடுங்கள், ஆனால் கரையில் இருந்த பழைய தண்ணி வாய்களை மூடிவிட்டுப் போடாதீர்கள். பல ஊருணிகளில் நடந்திருப்பது அதுதான்.

வேலையை நகர்த்த வேண்டிய நேரம் மே 1. அன்றைக்குக் கிராம சபையில் 'ஊருணி மேம்பாடு' என்று பொத்தாம் பொதுவாக எழுத விடாதீர்கள். சர்வே எண், இங்கிருந்து இதுவரை, இத்தனை மீட்டர், இத்தனை குழாய் என்று தீர்மானத்தில் இருக்கட்டும். ஆகஸ்ட் 15 கூட்டத்தில் என்ன ஆனது என்று கேட்கலாம். அக்டோபர் 2-ல் கேட்டால் மழை தலைக்கு மேல் வந்துவிடும். பேரூராட்சியில் கிராம சபை கிடையாது, ஏரியா சபையைக் கேளுங்கள். 2024-ல் மாநகராட்சியான காரைக்குடிக்கும் அதேதான். வெளியூரில் இருக்கிற புள்ளிகள், அதாவது இந்த ஊர்க் குடும்பத்தார், முன்னோருக்கான படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வரும்போது ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்பார்கள். அலங்கார வளைவு கட்டித் தருகிறோம் என்றால், வளைவுக்குப் பதில் அந்த ரோட்டுக் குழாயை இரண்டரை அடியாக மாற்றித் தாருங்கள் அண்ணாச்சி என்று கேளுங்கள். பெயர்ப் பலகை வேண்டுமென்றால் குழாய்க்கு மேலேயே வைத்துக்கொள்ளட்டும்.

இதையெல்லாம் செய்யும் முன் ஒன்று. அடுத்த பெருமழையில் குடையும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு இரண்டு பேராகப் பொட்டலிலிருந்து ஊருணி வரை தண்ணியோடு நடந்து வாருங்கள். எங்கே நிற்கிறது, எங்கே ரோட்டுக்குத் திரும்புகிறது, எந்த வீட்டுச் சுவரில் மோதுகிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மழை விட்ட அரை மணி நேரத்தில் அந்தத் தடம் காய்ந்துவிடும்.